வேலூர்ல செக்யூரிட்டி ஆளுங்களுக்கு பீக் கேப் வாங்குறது எப்படி: காகிதம், அளவு, காசு, நாள் கணக்கு

இது யாருக்குன்னா, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் புதுசா செக்யூரிட்டி ஏஜென்சி ஆரம்பிக்கிறவங்க, சூப்பர்வைசரா சேந்த மறுநாளே "யூனிஃபார்ம் எல்லாம் இனிமே உன் பொறுப்பு"ன்னு தலையில கட்டப்பட்டவங்க, அப்புறம் "தொப்பி நீயே வாங்கிக்கினு வந்துடு"ன்னு சொல்லி அனுப்பப்பட்ட செக்யூரிட்டி கார்டுங்க, இவங்களுக்குத்தான். நான் ஒரு சின்ன ஏஜென்சியில ஆபீஸ் வேலை பாக்குறேன். ஆஸ்பத்திரி, காலேஜ், தோல் ஃபேக்டரி, நகைக்கடைன்னு ஆள் போடுறோம். சட்டை, பேண்ட், பெல்ட், ஷூ இதெல்லாம் ஒரு மாதிரி முடிஞ்சிடும், இந்த பீக் கேப் இருக்கே, முன்னாடி நெத்திக்கு மேல பீக்குன்னு ஒரு விறைப்பான மறைப்பு நீட்டிக்கினு நிக்கிற அந்தத் தொப்பி, அதுதான் உயிரை வாங்கும்.

ஏன்னா சட்டை கொஞ்சம் லூசா இருந்தா யாரும் கவனிக்க மாட்டாங்க. தொப்பி டைட்டா இருந்தா ஆள் ஒரு மணி நேரத்துல கழட்டி நாற்காலிக்கு அடியில வெச்சுடுவார், அந்த நேரம் பாத்து கிளையன்ட் ரவுண்ட்ஸ் வருவார், உங்களுக்கு ஃபோன் வரும். தொப்பி மேல இருக்க பேட்ஜ் தப்பா இருந்தா ஃபோன் வேற எடத்துலருந்து வரும், அது இன்னும் மோசம். தொப்பி சமாச்சாரத்துல முக்கால்வாசி கடைக்குப் போறதுக்கு முன்னாடியே முடிவாகிடுது, அதனால கீழ சொல்ற வரிசையிலயே போங்க.

1. முதல்ல லைசென்ஸ், அதுக்கப்புறம்தான் தொப்பி

தொப்பிக்கும் லைசென்ஸுக்கும் இன்னா சம்பந்தம்னு கேப்பீங்க. தொப்பி முன்னாடி வர்ற பேட்ஜ்ல உங்க ஏஜென்சி பேரும் அடையாளமும் வரும். அந்தப் பேரு லைசென்ஸ்ல எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். லைசென்ஸ் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே ஆசையா மெட்டல் பேட்ஜுக்கு அச்சு வெட்டிட்டு, அப்புறம் அந்தப் பேரு கிடைக்காம வேற பேர்ல லைசென்ஸ் வந்தா அச்சுக் காசு தண்டம். மெட்டல் பேட்ஜ்ல விலையே அந்த அச்சுதான், ஒரு தடவை வெட்ட சில ஆயிரம் ஆகும், அதுக்கப்புறம் பீஸ் விலை கம்மி.

2005-ல வந்த தனியார் பாதுகாப்பு ஏஜென்சி சட்டம், எல்லாரும் பசாரான்னு சொல்வாங்க, அதுப்படி லைசென்ஸ் இல்லாம ஏஜென்சி நடத்தக் கூடாது. ஃபீஸ் சட்டத்துலயே போட்டிருக்கு: ஒரே மாவட்டம்னா 5,000 ரூபா, ஒண்ணுக்கு மேல அஞ்சு மாவட்டம் வரைக்கும்னா 10,000, மாநிலம் முழுக்கன்னா 25,000. அப்ளிகேஷன் குடுத்ததுலருந்து 60 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்னு சட்டம் சொல்லுது. லைசென்ஸ் 5 வருஷத்துக்கு செல்லும், முடியிறதுக்கு 45 நாள் முன்னாடியே ரினியூவலுக்குப் போட்டுடணும்.

இதுல நம்ம ஊருக்குன்னே ஒரு பள்ளம் இருக்கு. 2019-ல பழைய வேலூர் மாவட்டத்தை மூணாப் பிரிச்சுட்டாங்க. பழைய ஆளுங்க வாயில இன்னும் எல்லாமே "வேலூர் டிஸ்ட்ரிக்ட்"தான், ஆனா ஆம்பூர், வாணியம்பாடி இப்போ திருப்பத்தூர் மாவட்டம், சிப்காட், ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம் எல்லாம் ராணிப்பேட்டை மாவட்டம். நீங்க 5,000 கட்டி வேலூருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துட்டு ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆள் போட்டீங்கன்னா லைசென்ஸ் இல்லாத எடத்துல ஆள் போட்ட மாதிரி. தோல் கம்பெனி வேலை கிடைக்கும்னு ஒரு சின்ன நம்பிக்கை இருந்தாக்கூட மொதல்லயே 10,000 கட்டிடுங்க.

கார்டா சேர்ற தனி ஆளா இருந்தா இந்த லைசென்ஸ் உங்க தலைவலி இல்ல. ஆனா உங்க ஏஜென்சிகிட்ட லைசென்ஸ் இருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க, அது போக, அடுத்த பாயிண்ட்ல வர்ற உடுப்புத் தண்டனை உங்க மேலயும் பாயும்.

2. கலரும் பேட்ஜும்: இங்கதான் ஆள் மாட்டுறது

இதைக் கொஞ்சம் நிதானமாப் படிங்க.

பசாரா சட்டத்துல 21-வது பிரிவு இன்னா சொல்லுதுன்னா, ஒரு செக்யூரிட்டி கார்டோ சூப்பர்வைசரோ ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ் யூனிஃபார்ம் போட்டாலோ, இல்ல பாக்க அது மாதிரியே தெரியிற டிரெஸ் போட்டாலோ, அதோட தனி அடையாளம் எதாச்சும் வெச்சிருந்தாலோ, போட்டவருக்கும் ஏஜென்சி ஓனருக்கும் ரெண்டு பேருக்குமே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 5,000 வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். "கடையில குடுத்தாங்க, வாங்கினேன்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இது போக பாரதிய நியாய சன்ஹிதாவுல, அதாவது நாட்டோட குற்றவியல் சட்டத்துல, ரெண்டு பிரிவு இருக்கு. 168 ராணுவத்தானா நடிக்கிற மாதிரி உடுப்பு போடுறதுக்கு, 205 அரசு ஊழியர் மாதிரி ஏமாத்துற நோக்கத்தோட போடுறதுக்கு. ரெண்டுக்குமே மூணு மாசம் வரைக்கும் ஜெயில் உண்டு.

சரி, நடைமுறையில எதைத் தவிர்க்கணும்? காக்கித் துணியில தொப்பி வேணவே வேணாம். ஆலிவ் பச்சை வேணாம், அது ராணுவ அதிகாரிங்களுது. பச்சைத் தொப்பியில சிவப்பு பேண்டு, அதாவது தொப்பியைச் சுத்தி ஓடுற பட்டை, வெச்சா கர்னலும் அதுக்கு மேல இருக்கவங்களும் போடுற தொப்பி ஆயிடும். மேல வெள்ளை, சுத்தி கறுப்பு பேண்டு, நடுவுல தங்கக் கலர் நங்கூரம், இது நேவி. நீலச் சாம்பல் விமானப்படை. அப்ப மிச்சம் இன்னா இருக்குன்னா நேவி ப்ளூ, மெரூன், டார்க் கிரே, பிரவுன். நாங்க போடுறது டார்க் கிரே துணி, மெரூன் பேண்டு. பேண்டுக்கு மேல கீழ ஓடுற மெல்லிசு பைப்பிங் கூட வேற கலர் குடுங்க, தூரத்துலருந்து பாத்தாலே போலீஸ் இல்லன்னு தெரியணும், அதான் கணக்கு.

பீக் மேல தங்க ஜரிகையில இலை இலையா எம்ப்ராய்டரி பண்ணினது "ஆபீசர் டைப்"னு விப்பாங்க. சூப்பர்வைசருங்களுக்கு அது மேல ஒரு ஆசை. படைகள்ல அது மேல்மட்ட அதிகாரிங்க போடுறது, நமக்கு வேணாம். விலையும் ஜாஸ்தி, மழையில நனைஞ்சா ஜரிகை கறுத்துடும்.

அடுத்தது சிங்கம். ரெடிமேட் தொப்பிங்கள்ல பாதிக்கு மேல மூணு சிங்கத் தலை பேட்ஜோடதான் தொங்கும். அது இந்திய அரசோட முத்திரை. அதைக் கண்டவங்க பயன்படுத்தக் கூடாதுன்னு 2005-லயே தனிச் சட்டம் இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், 5,000 வரைக்கும் ஃபைன். கடைக்காரர் "எல்லாரும் வாங்குறாங்க சார், இதுவரைக்கும் இன்னா ஆச்சு"ம்பார். அந்தப் பேச்சைக் கேக்காதீங்க, கழட்டிக் குடுக்கச் சொல்லுங்க. கழட்டினா நடுவுல ரெண்டு ஓட்டை இருக்கும், உங்க பேட்ஜ் அந்த ஓட்டையை மூடுற அளவுக்கு இருக்கான்னு அப்பவே வெச்சுப் பாத்துடுங்க.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பெஷல் பிரச்னை ஒண்ணு. வட ஆற்காட்டுல மிலிட்டரிக்குப் போகாத குடும்பம் கம்மி, கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்தான் இருக்க ஊரெல்லாம் இங்க உண்டு. ரிட்டயர் ஆகி வந்தவங்கதான் நம்ம ஏஜென்சிங்களுக்கே முதுகெலும்பு, சட்டமே அவங்களுக்கு முன்னுரிமை குடுக்கலாம்னு சொல்லுது. அவங்கள்ல சில பேர் ஏஜென்சி தொப்பியில தன்னோட பழைய ரெஜிமென்ட் பேட்ஜைக் குத்திக்கினு வந்துடுவாங்க. எங்ககிட்ட ஒரு பெரியவர், மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தவர், அந்த யானை பேட்ஜை பிராஸோ போட்டுத் தேச்சு கண்ணாடி மாதிரி வெச்சிருப்பார், அதை எடுங்க ஐயான்னு சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா சொல்லித்தான் ஆவணும், ஏன்னா 21-வது பிரிவுல "தனி அடையாளம்"னு இருக்கிறதுல அதுவும் அடங்கிடும், உண்மையிலயே அந்த ரெஜிமென்ட்ல இருந்தவரா இருந்தாலும் இப்போ அவர் போட்டிருக்கிறது தனியார் கம்பெனி உடுப்பு. நான் இன்னா பண்ணேன்னா, ஆபீஸ்ல மொத்தமா எல்லாருக்கும் சேத்து சொன்னேன், அவரைத் தனியா நிறுத்திச் சொல்லல. அடுத்த நாள் அவரே கழட்டிட்டு வந்துட்டார். நீங்களும் சேந்த முதல் நாளே எல்லாருக்கும் பொதுவா சொல்லிடுங்க, அப்புறம் ஒருத்தரை மட்டும் கூப்ட்டுச் சொல்ற சங்கடம் வராது.

இன்னொரு விஷயம், பசாரா விதிமுறையில தலைக்கு எதாச்சும் ஒண்ணு இருக்கணும், அதுல ஏஜென்சி அடையாளம் இருக்கலாம்னுதான் இருக்கு. பீக் கேப்தான் போடணும்னு எங்கயும் இல்ல. வெயில்ல நிக்கிற பார்க்கிங் ஆளுக்கு சாதாரண பேஸ்பால் கேப் மாதிரி ஒண்ணே போதும், 100 ரூபால முடிஞ்சிடும். பீக் கேப்பை கேட், ரிசப்ஷன், நகைக்கடை வாசல் இந்த மாதிரி எடத்துக்கு மட்டும் வெச்சுக்குங்க. கைப்பட்டை, தோள்லயோ நெஞ்சுலயோ பதவி காட்டுற பேட்ஜ், கயிறோட விசில், லேஸ் வெச்ச ஷூ, இடுப்புக்கு மேல தெரியிற மாதிரி ஃபோட்டோ ஐடி, ஒரு நோட்டு பேனா, இதெல்லாமும் விதியில இருக்கு, தொப்பிக்கு அலையிற அலைச்சல்ல இதை மறந்துடாதீங்க.

3. தலை அளவு

ஆளுங்களை ஃபோன்ல கூப்ட்டு "உங்க தலை சைஸ் இன்னா"ன்னு கேக்காதீங்க. யாருக்கும் தெரியாது. ஷூ சைஸ் சொல்ற மாதிரி எதையாச்சும் சொல்லிடுவாங்க.

தையல்காரர் டேப் ஒண்ணு எடுத்துக்குங்க, இன்ச் பக்கம் இல்ல, சென்டிமீட்டர் பக்கம். புருவத்துக்கு ஒரு விரல் மேல ஆரம்பிச்சு, காதுக்கு மேல ஒட்டின மாதிரி, பின் தலையில புடைப்பா இருக்கே அந்த எடத்து மேல சுத்திக் கொண்டாங்க. டேப்புக்கு உள்ள ஒரு விரல் போற அளவுக்கு விட்டுப் பிடிங்க. ரெண்டு தடவை அளந்து பெருசா வர்ற நம்பரை எழுதிக்குங்க.

பழைய தையல்காரங்க, பெரிய கடைங்க சில பேர் இங்கிலீஷ் சைஸ்ல பேசுவாங்க. 55 செ.மீ.ன்னா ஆறே முக்கால், 57-ன்னா 7, 59-ன்னா ஏழே கால். நடுவுல 56, 58 எல்லாம் அரைக்கால் கணக்குல வரும். குழப்பமா இருந்தா சென்டிமீட்டர்லயே எழுதிக் குடுத்துடுங்க, அவங்க மாத்திக்குவாங்க.

அளக்குறப்ப கவனிக்க வேண்டியது: முடி வெட்டுறதுக்கு முன்னாடி அளந்து, டியூட்டிக்கு வர்ற அன்னிக்கு ஒட்ட வெட்டிக்கினு வந்தா தொப்பி தொளதொளன்னு ஆடும், அதனால வெட்டினதுக்கு அப்புறம் அளங்க. திருப்பதி போயிட்டு வந்த ஆளை முடி வளர்ற வரைக்கும் அளக்காதீங்க. பெண் கார்டுங்களுக்கு டியூட்டியில எப்படிக் கொண்டை போடுவாங்களோ அப்படியே போட்டுக்கினு வரச் சொல்லி அளங்க, கொண்டை உச்சியில இருந்தா தொப்பி உக்காராது, கழுத்துக்கிட்ட இறக்கிப் போட்டாத்தான் சரியா நிக்கும். இதை அளவெடுக்குற அன்னிக்கே சொல்லிடுங்க, தொப்பி வந்தப்புறம் சொன்னா "அப்ப ஏன் சொல்லல"ன்னு திட்டு விழும்.

ஒரு தாள்ல பேரு, ஐடி நம்பர், அளவு, ஆணா பெண்ணா, எந்த சைட்டு, இவ்ளோ போதும். கடையில ஒரு காப்பி, உங்ககிட்ட ஒரு காப்பி.

4. ரெடிமேடா, தைக்கிறதா

ஆள் கம்மியா இருந்தா ரெடிமேட் வாங்குங்க. பத்துப் பதினஞ்சுக்கு மேல போச்சுன்னா தைக்கிறது நல்லது, ஏன்னா ரெடிமேட்ல உங்களுக்கு வேண்டிய கலர்ல எல்லா சைஸும் ஒரே நேரத்துல கிடைக்கவே கிடைக்காது. 58 நெறைய இருக்கும், 55-உம் 60-உம் இருக்காது.

விலை நான் வாங்கினப்போ இருந்தது சொல்றேன், நீங்க போறப்ப கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். சாதா ரெடிமேட் 150-லருந்து 250. துணி குடுத்து தைச்சா 400-லருந்து 600 வரைக்கும், உள்ள போடுற சாமானைப் பொறுத்து. துணி பேட்ஜ் ஒண்ணு 40, 50. மெட்டல்னா அச்சுக் காசு தனி.

தைக்கக் குடுக்குறப்ப "நல்லாத் தைங்க பாய்"னு சொன்னா போதாது, உள்ள இன்னா போடணும்னு தனித்தனியாச் சொல்லணும்:

பீக் தான் முதல்ல. மலிவு தொப்பியில பீக்குக்கு உள்ள அட்டை இருக்கும், மேல ரெக்ஸின் ஒட்டியிருப்பாங்க, ஐப்பசி மழை ரெண்டு தடவை பட்டா அப்பளம் மாதிரி வளைஞ்சுடும். பிளாஸ்டிக் பீக் கேளுங்க. ஓரத்துல விரலால லேசா வளைச்சு விட்டா அது தன்னால பழைய வடிவத்துக்கு வரணும், மடிப்புக் கோடு விழுந்தா உள்ள அட்டைதான்.

உச்சியில வட்டமா விறைப்பா நிக்கிறதுக்கு உள்ள ஒரு கம்பி வளையம் போடுவாங்க. துரு பிடிக்காத கம்பியா, இல்லன்னா பிளாஸ்டிக் வளையமான்னு கேளுங்க. சாதாக் கம்பியா இருந்தா வேர்வைக்கும் மழைக்கும் துரு ஏறி துணியில பழுப்பு வட்டம் விழும், அது எந்தச் சோப்புக்கும் போவாது. சின்னப் பசங்க ஸ்டைலுக்குன்னு அந்தக் கம்பியை உருவிடுவாங்க, தொப்பி ரெண்டு பக்கமும் தொங்கிக்கினு நிக்கும், அதை உருவ முடியாத மாதிரி உள்ள தைச்சு மூடிடச் சொல்லுங்க.

உள் பட்டை, அதாவது நெத்தியில படுற பட்டை, இதுல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வேலூர் வெயில் தெரியும் இல்ல, கத்திரியில நாப்பது டிகிரியைத் தாண்டும், ரெக்ஸின் பட்டை போட்டா நெத்தியில வேர்க்குரு வந்து ஆள் தொப்பியையே தொட மாட்டார். நம்மைச் சுத்தி ராணிப்பேட்டை, ஆம்பூர், மேல்விஷாரம்னு தோல் ஊருங்கதான், லைனிங்குக்குப் போடுற மெல்லிசு ஆட்டுத்தோல் துண்டு தையல்காரங்களுக்கு சுலபமா கிடைக்கும். தொப்பிக்கு முப்பது நாப்பது ரூபா ஜாஸ்தி ஆகும். தோல் வேணாம்னு சொல்றவங்களும் இருப்பாங்க, அவங்களுக்கு பருத்தித் துணிப் பட்டை போட்டுக்குடுங்க, முன்னாடியே கேட்டு அந்த அளவுத் தாள்லயே குறிச்சுடுங்க.

காத்துக் கண்ணு, அதாவது காத்து போற சின்ன ஓட்டை, ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு கட்டாயம். துணி டெரிகாட்டன் போதும், கம்பளி மாதிரி தடிச்ச துணி ராணுவத்துல குளிர் ஊருக்குப் போடுறது, இங்க அது தண்டனை. சின் ஸ்ட்ராப் சும்மா அழகுக்கு ஒட்டினதா இல்லாம ரெண்டு பக்கப் பட்டன்லயும் மாட்டி இறக்கி விடுற மாதிரி இருந்தா நல்லது, பைபாஸ் ஓரத்துல கேட் பாக்குறவருக்கு லாரி போற காத்துல தொப்பி பறக்கும், அப்ப தாடைக்குக் கீழ இறக்கிக்கலாம்.

5. கடைக்குப் போறது, நாள் கணக்கு

லாங் பஜார், மெயின் பஜார் பக்கம் சுத்தினாலே யூனிஃபார்ம் சாமான் விக்கிற கடையும், பின்னாடி சந்துல தொப்பி தைக்கிற ஆளுங்களும் கிடைப்பாங்க. காலையில பதினோரு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்ன மார்க்கெட் லோடு வண்டிங்களுக்கு நடுவுல நடக்கவே எடம் இருக்காது. வண்டியைக் கோட்டைப் பக்கம் விட்டுட்டு நடந்து போறது பெஸ்ட்.

கையில கொண்டு போக வேண்டியது: லைசென்ஸ் ஜெராக்ஸ், லெட்டர்ஹெட்ல ஆர்டர் கடிதம் சீல் கையெழுத்தோட, உங்க ஐடி, அளவுத் தாள், துணி சாம்பிள் ஒரு துண்டு, பேட்ஜ் டிசைன் உண்மையான சைஸ்ல பிரிண்ட் எடுத்தது. "தொப்பிக்குப் போய் லைசென்ஸா"ன்னு சிரிக்காதீங்க. 2016 பதான்கோட் தாக்குதலுக்கு அப்புறம் ராணுவ மாதிரி உடுப்பை வெளியாளுங்களுக்கு விக்க வேணாம்னு ராணுவமே கேட்டுக்கிச்சு, அதனால விவரமான கடைக்காரர் கேப்பார். கேக்குற கடைதான் நல்ல கடை, அங்கயே வாங்குங்க.

நாள் கணக்கு ரொம்ப முக்கியம். நெறைய தைக்கிறவங்க பாய்ங்க, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போயிடுவாங்க, அந்த நேரம் போய் நிக்காதீங்க. ரம்ஜான் மாசம் தொப்பி ஆர்டரே குடுக்காதீங்க, ராத்திரி பகலா புதுத்துணி தைப்பாங்க, உங்க தொப்பி மூட்டை மூலையில கெடக்கும். ஆகஸ்ட் 15, ஜனவரி 26-க்கு முந்தின ரெண்டு வாரம் ஸ்கூல், என்சிசி, அணிவகுப்புன்னு ரஷ். ஜூன் மாசம் ஸ்கூல் யூனிஃபார்ம் சீசன். மார்ச்ல (அந்த வருஷம் ரம்ஜான் மாசம் அதுல வரலன்னா), இல்ல செப்டம்பர்ல குடுங்க, நேரத்துக்கு வரும், விலையும் பேசலாம்.

ஒரு மாதிரித் தொப்பி மட்டும் முதல்ல தைக்கச் சொல்லி அதைப் பாத்து ஓகே பண்ணினதுக்கு அப்புறம்தான் மிச்சத்துக்கு அட்வான்ஸ். இது பேராசை இல்ல, அவங்களுக்கும் வசதிதான். நான் பேசின பெரியவரே சொன்னார், "மொதல்ல ஒண்ணு பாத்துக்கோ நைனா, அப்புறம் முப்பதையும் கொண்டாந்து பிரிச்சுக் குடுன்னு நிக்காத." அட்வான்ஸ் பாதிக்கு மேல குடுக்காதீங்க. ஜிஎஸ்டி பில் வேணும்னா விலை பேசுறப்பவே சொல்லுங்க, கடைசியில கேட்டா ரேட் மாறும். மாதிரித் தொப்பிக்கு ஒரு வாரம், முப்பது தொப்பிக்கு மூணுலருந்து நாலு வாரம்னு வெச்சுக்குங்க, பத்து நாள்ல தர்றேன்னு சொன்னா நம்பாதீங்க.

தனி ஆளா ஒரே ஒரு தொப்பி வாங்குறவங்க ஏஜென்சி ஐடி கார்டும், கலர் காட்ட ஃபோன்ல ஒரு ஃபோட்டோவும் கொண்டு போனா போதும். வாங்கின பில்லைப் பத்திரமா வெச்சுக்குங்க, யூனிஃபார்ம் காசு சம்பளத்துல பிடிப்பாங்களா திருப்பித் தருவாங்களான்னு சேர்றப்பவே எழுத்துல கேட்டு வாங்குங்க.

6. டெலிவரி எடுக்குறப்ப

மூட்டையைப் பிரிக்காம ஆட்டோவுல ஏத்தாதீங்க. கடையிலயே பிரிச்சு ஒவ்வொண்ணா மேசை மேல வைங்க. பீக் ரெண்டு முனையும் மேசையில ஒரே மட்டமா படணும். பின்னாடி இருக்க பேண்டு தையலும் முன்னாடி பேட்ஜ் வர்ற நடுவும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும், இல்லன்னா போட்டதும் முகம் கோணலாத் தெரியும். அளவை டேப்பால உள் பட்டையில பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் உள்ள பேரும் ஐடி நம்பரும் மார்க்கர்ல எழுதித் தரச் சொல்லியிருந்தீங்கன்னா அதையும்.

அரை சென்டிமீட்டர் பெருசா இருந்தா பரவால்ல, உள் பட்டைக்குப் பின்னாடி பேப்பர் மடிச்சு வெச்சா நின்னுடும். சின்னதா இருந்தா ஒண்ணும் பண்ண முடியாது, திருப்பிக் குடுங்க.

7. பேட்ஜ் குத்துறது

கடையில குத்தித் தர்றேன்னா வேணாம்னு சொல்லுங்க. ஆள் தலையில தொப்பியை வெச்சு, பீக் புருவத்துக்கு ரெண்டு விரல் மேல நிக்கிற மாதிரி சரி பண்ணி, மூக்குக்கு நேரா சாக்பீஸ்ல ஒரு புள்ளி வைங்க. அப்புறம் கழட்டி அந்தப் புள்ளியில குத்துங்க. பின்னாடி திருகு மரை வெச்ச பேட்ஜ் நல்லது, வளைக்கிற கம்பி வெச்சது நெத்தியில குத்தும், அதுதான் வேணும்னா உள்ள கம்பி மேல ஒரு துண்டு தோல் ஒட்டிடுங்க.

8. அதுக்கப்புறம் பாத்துக்கிறது

வாஷிங் மெஷின்ல போடாதீங்க, ஊறவும் வைக்காதீங்க. ஈரத் துணியால தொடைச்சா போதும். உள் பட்டையை வாரம் ஒரு தடவை வெளிய திருப்பி நிழல்ல காய வைங்க. பளபளா பீக்குக்கு ஷூ பாலிஷ் போட வேணாம், நெத்தியெல்லாம் கறுப்பாயிடும். பித்தளை பேட்ஜுக்கு பிராஸோ போடலாம், ஆனா கழட்டி வெச்சுப் போடுங்க, இல்லன்னா துணியில பச்சைக் கறை. தங்க முலாம் பூசின பேட்ஜுக்கு பிராஸோவே ஆகாது, ரெண்டு தடவைல முலாம் போயிடும்.

பைக்ல வர்றவங்களுக்குத்தான் பெரிய பிரச்னை. தலையில ஹெல்மெட், அப்ப தொப்பி எங்க? டேங்க் கவர்ல திணிச்சுடுவாங்க, இல்ல ஹேண்டில்ல மாட்டிக்குவாங்க, வெயில்ல பிளாஸ்டிக் பீக் இளகி வளைஞ்சுடும். ஒரு சின்ன துணிப்பை ஒவ்வொருத்தருக்கும் குடுத்துடுங்க, இல்லன்னா சைட்லயே ஒரு அலமாரி கேட்டு வாங்குங்க. வீட்ல வைக்கிறப்ப சொம்பு ஒண்ணைக் கவுத்து அது மேல வைக்கச் சொல்லுங்க, வடிவம் கெடாது. மொத்த ஆர்டர்லயே 57, 58-ல ரெண்டு மூணு எக்ஸ்ட்ரா தைச்சு வெச்சுக்குங்க, ஆள் மாறிக்கினே இருப்பாங்க.

9. மத்தவங்களுக்கு ரெண்டு வரி

போலீஸ், ஜெயில், ஃபயர், ஃபாரஸ்ட், ராணுவம்னு செலக்ட் ஆகி ஆர்டர் வாங்கினவங்க முன்கூட்டியே தொப்பி வாங்கிடாதீங்க. ட்ரெயினிங்ல சேந்தப்புறம் இன்னது வாங்கு, இன்னது நாங்களே தருவோம்னு லிஸ்ட் குடுப்பாங்க, பேண்டு கலர் பேட்ஜ் எல்லாம் அதுப்படிதான். சேர்றதுக்கு முன்னாடி அந்தத் தொப்பியைப் போட்டு ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிற ஆசையையும் ஓரமா வைங்க.

கல்யாண பேண்டு செட், ஸ்கூல் பேண்டு, நாடகக் குழு இவங்களுக்கு பசாரா சட்டம் கிடையாது, ஆனா சிங்க முத்திரை இவங்களுக்கும் ஆகாது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள்னு பளிச்சுன்னு போட்டு நடுவுல குழு பேரையோ ஒரு டிரம்பெட் படத்தையோ வெச்சா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பேண்டு செட்காரங்க ஆவணி முகூர்த்தத்துக்கு வேணும்னா ஆனி மாசத்துலயே ஆர்டர் குடுத்துடுங்க, ஆடியில தையல்காரங்க கை கொஞ்சம் ஓய்வா இருக்கும், ஆகஸ்ட் பிறந்தா சுதந்திர தின ஆர்டருங்க உள்ள வந்துடும்.